நாய் வளர்த்தா பையனுக்குப் பொறுப்பு வருமா? ஒரு மாட்டாஸ்பத்திரி டாக்டரோட பதில்

நீங்க கேட்டது மேலோட்டமா பாத்தா "நாய் வளர்த்ததுல என்ன வாழ்க்கைப் பாடம் கத்துக்கிட்டீங்க"ங்கறதுதான். ஆனா நடுவுல ஒரு வரி எழுதியிருக்கீங்க பாருங்க, 10 வயசுப் பையன் நாய் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான், வாங்கிக் குடுத்தா அவனுக்குப் பொறுப்பு வரும்னு வீட்டுப் பெரியவங்க சொல்றாங்கன்னு. அப்போ நீங்க நெசமா கேக்குறது வேற. இந்தப் பாடம் கீடம் எல்லாம் உண்மையா, இல்ல நாய் போட்டோவுக்குக் கீழ எழுதுற வசனமா, இத நம்பி நான் ஒரு உசுர வீட்டுக்குக் கூட்டிட்டு வரலாமாங்கறதுதான். அதுக்கே பதில் சொல்றேன், கொஞ்சம் நீளமா வரும், பொறுத்துக்கோங்க.

நான் நாமக்கல்ல படிச்ச கால்நடை டாக்டர். 24 வருசம் திண்டுக்கல் பக்கம் அரசு மருந்தகங்கள்ல வேலை, ஊர்க்காரங்க பாஷையில மாட்டாஸ்பத்திரி. பகல் பூரா மாடு ஆடு கோழி, சாயங்காலம் வீட்டு வாசல் அறையில நாய். இதுக்கு நடுவுல 2009ல இருந்து 2022 வரைக்கும் எங்க வீட்டுல செம்பின்னு ஒரு நாட்டு நாய் இருந்துச்சு. அதனால நோயப் பத்தி சொல்றது படிச்சு, பாத்து சொல்றது, தைரியமா சொல்லுவேன். நாயோட மனசுக்குள்ள என்ன ஓடுதுன்னு சொல்றது எல்லாம் அரைகுறை, அத அப்படியே எடுத்துக்கோங்க. பூனை நான் வளர்த்ததே இல்ல, பூனைக்காரங்க சண்டைக்கு வராதீங்க.

செம்பிய நாங்க தேடிப் போய் வாங்கல. ஐப்பசி மழையில ஒரு காலையில மருந்தக கேட்டுல சிமெண்ட் சாக்கு ஒண்ணு கட்டித் தொங்குச்சு, உள்ள மூணு குட்டி, மூணும் பொட்டை. பொட்டைக் குட்டின்னாலே யாரும் எடுக்க மாட்டாங்க, ஈத்து ஈத்தா குட்டி போடும்னு பயம், மாட்டாஸ்பத்திரி வாசல்ல விட்டுட்டா புண்ணியமாப் போச்சுன்னு ஒரு கணக்கு. ரெண்டு குட்டி பார்வோங்கற வைரஸ் நோய் வந்து ஒரே வாரத்துல போயிருச்சு, ரத்தமா பேதி போகும், அந்த நாத்தத்த ஒரு தடவ மோந்தவன் சாகுற வரைக்கும் மறக்க மாட்டான். மிச்சம் நின்னது செம்மண் கலர்ல ஒண்ணு. என் சம்சாரம் மொதல்ல திண்ணைக்கு மேல ஏறக்கூடாதுன்னாங்க, அப்புறம் ஹாலுக்குள்ள வரக்கூடாதுன்னாங்க, அப்புறம் சட்டம் போடுறதையே விட்டுட்டாங்க.

இப்ப நான் கத்துக்கிட்டதுல பெருசு எதுன்னு கேட்டீங்கன்னா அது 2016 சித்திரையில நடந்தது. சம்சாரம் ஒரு நாள் ராத்திரி சாப்பாடு போடும்போது "ஏங்க, இவ இன்னிக்கு மூணு தடவ சட்டிய காலி பண்ணிட்டா"ன்னாங்க. கொல்லையில செம்பிக்குத் தண்ணி வைக்கிற மண்சட்டி ஒண்ணு, ஒரு லிட்டர் பிடிக்கும். நான் சோத்துல இருந்து தலையத் தூக்காம "சித்திரை வெயிலு, குடிக்காம என்ன செய்யும்"னேன். மறுநாளும் சொன்னாங்க, நான் அதே பதில். மூணாவது நாள் கருவாட்டுத் தலையப் போட்டு அவ மோந்து பாத்துட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டா, அப்பத்தான் எனக்கு வயித்தக் கலக்குச்சு. ஒரு நாய் சாதாரணமா ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 50, 60 மில்லி தண்ணி குடிக்கும், 100 மில்லியத் தாண்டுனா எங்கயோ கோளாறுன்னு அர்த்தம். செம்பி 15 கிலோ. மூணு லிட்டர்னா கிலோவுக்கு 200 மில்லி. இந்தக் கணக்கு ஒரு ஸ்கூல் பையன் போடுவான், எனக்கு மூணு நாள் ஆச்சு.

கர்ப்பப்பையில சீழ். பயோமெட்ரான்னு சொல்லுவோம், கருத்தடை பண்ணாத பொட்டை நாய்க்கு ஹீட், அதாவது இணை சேருற பருவம், முடிஞ்சு ஒண்ணு ரெண்டு மாசத்துல வர்றது, வயசாக ஆக வாய்ப்பு கூடும். சில நாய்க்கு சீழ் வெளிய ஒழுகும், கண்ணுல பட்டுரும். சிலதுக்கு கர்ப்பப்பை வாய் மூடிக்கிட்டு எல்லாம் உள்ளயே தங்கிரும், அது இன்னும் மோசம், காய்ச்சல்கூட இல்லாம இருக்கலாம், தண்ணி ஜாஸ்தியா குடிக்கிறது ஒரு முக்கியமான துப்பு. வர்றவங்ககிட்ட எல்லாம் "சீக்கிரமே ஆபரேஷன் பண்ணிருங்க, பின்னாடி பயோமெட்ரா வரும்"னு வருசக்கணக்கா ஓதுறவன் நானு, என் வீட்டு நாய்க்கு அடுத்த மாசம் அடுத்த மாசம்னு ஏழு வருசம் தள்ளிட்டேன். வாத்தியார் புள்ள மக்குன்னு சும்மாவா சொன்னாங்க. மதுரையில என் கூடப் படிச்சவன்தான் அன்னிக்கு ராத்திரி ஆபரேஷன் பண்ணான், எனக்குக் கை வரல. பென்சில் தண்டி இருக்க வேண்டிய குழல் ரெண்டும் மொந்தன் வாழைக்கா தண்டி இருந்துச்சு, அவன் அத ட்ரேயில வச்சிட்டு என்னைய ஒரு பார்வை பாத்தான், ஒண்ணும் சொல்லல. சொல்லியிருந்தாகூட பரவால்ல.

பொழச்சுக்கிட்டா. ஆனா நான் அதுக்கு முன்னாடி மாதிரி டாக்டரா இல்ல. அது வரைக்கும் முத்துன கேஸ் வந்தா நான் மொதல்ல கேக்குற கேள்வி "ஏன்யா இவ்ளோ நாள் என்ன பண்ணிட்டு இருந்த?" அதக் கேட்டதும் எதிர்ல நிக்கிறவரு பொய் சொல்ல ஆரம்பிச்சிருவாரு, நேத்து வரைக்கும் நல்லாத்தான் சார் இருந்துச்சும்பாரு. அவர் மேல தப்பில்ல, நான் கேட்ட கேள்வி அப்படி. இப்ப நான் கேக்குறது "இதுக்கு யாரு சோறு வைக்கிறது? அவங்களுக்கு போன் போடுங்க." வண்டியில நாயத் தூக்கிட்டு வர்றது அண்ணனோ அப்பாவோ, ஆனா நாய் நேத்து ரெண்டு வாய் கம்மியா தின்னுச்சுன்னு தெரிஞ்சது வீட்டுல இருக்குற ஆத்தாளுக்கு. மாட்டுலயும் இதே கதைதான், கயித்தப் பிடிச்சுட்டு வர்றது ஆம்பள, பால் பீச்சுறது பொம்பள, மடியில எந்தக் காம்பு சூடா இருக்குன்னு அவங்ககிட்டதான் கேக்கணும். இத்தன வருசம் நான் தப்பான ஆள்கிட்ட விசாரிச்சிட்டு இருந்திருக்கேன், நாய் வந்து எனக்கு இதச் சொல்லிக் குடுத்துச்சுன்னு சொல்ல மாட்டேன், சட்டியில தண்ணி ஊத்துன பொம்பள சொல்லிக் குடுத்தாங்க. அவங்களுக்கு அது எப்படித் தெரிஞ்சதுன்னா தினம் ஊத்துனதால. என் படிப்பு முழுக்க ஒரு பக்கம், அந்தச் சட்டி ஒரு பக்கம்.

உங்க பையன் விசயத்துக்கு இதுதான் பதில்னு நான் நினைக்கிறேன். நாய் வீட்டுக்கு வந்ததால யாருக்கும் பொறுப்பு வராது. நாயோட பீயை அள்ளுறவங்களுக்கு, தண்ணி மாத்துறவங்களுக்கு, காதுக்குள்ள உண்ணி பாக்குறவங்களுக்கு ஒரு கண்ணு தொறக்கும், அவ்வளவுதான். நான் பாத்த வரைக்கும் புள்ளைங்க கேட்டு வாங்குன நாய்ல பாதிக்கு மேல மூணாவது மாசத்துல இருந்து அம்மாவோட நாய் ஆயிரும், அதாவது பாடம் வாங்கிக் குடுத்தது புள்ளைக்கு, படிச்சது அம்மா. இது எண்ணிப் பாத்து சொல்றது இல்ல, என் வாசல்ல வந்து போனவங்கள வச்சு சொல்றது.

ஆபரேஷன் முடிஞ்ச மூணாவது நாள் இன்னொண்ணு நடந்துச்சு. ஒம்போது வயசு மகள் தையல் போட்ட இடத்துகிட்ட கையக் கொண்டு போயிருக்கா, செம்பி சடார்னு திரும்பிக் கவ்விருச்சு. உள்ளங்கையில ரெண்டு பல்லு. வேல் பாய்ஞ்சாலும் வாலாட்டும்னு நாயப் பத்தி சொல்லி வச்சிருக்காங்க இல்ல, நானும் பெருமையா சொல்லிருக்கேன், ஆனா வலி வந்தா எந்த நாயும் கடிக்கும், வளர்த்த கையா இருந்தாலும். செம்பிக்கு வருசா வருசம் ரேபிஸ் ஊசி நானே போட்டதுதான், இருந்தாலும் மகள் கையை குழாயடியில வச்சு சோப்பு போட்டு 15 நிமிசம் கழுவிட்டு பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். இதுல மட்டும் நான் சந்தேகத்துக்கே எடம் குடுக்க மாட்டேன், தயவுசெஞ்சு நீங்களும் குடுக்காதீங்க. ரேபிஸ் அறிகுறி வந்துட்டா கிட்டத்தட்ட யாரும் பொழைக்கிறது இல்ல, வர்றதுக்கு முன்னாடி தடுத்துரலாம், ரெண்டுக்கும் நடுவுல இருக்குறது அந்த சோப்பும் ஊசியும்தான். இப்ப நம்ம ஊர்ல தோலுக்குள்ள போடுற முறையில 0, 3, 7, 28ஆவது நாள்னு நாலு தடவ, அரசு ஆஸ்பத்திரியில காசு கிடையாது. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் கடிவாயில அப்பாதீங்க. குட்டி வாங்குனா மூணு மாசத்துல மொத ரேபிஸ் ஊசி, அப்புறம் டாக்டர் சொல்ற கணக்குல பூஸ்டர், "வீட்டுக்குள்ளயேதான இருக்கு"ன்னு விட்டுராதீங்க.

அடுத்து எனக்கு விழுந்த ஒரு அடி. காலையில வாசல்ல பால் பாக்கெட் கிழிஞ்சு பாலெல்லாம் படியில ஓடுது, செம்பி பக்கத்துல காத மடக்கி, வாலக் கால் நடுவுல வச்சுக்கிட்டு, கண்ணுல வெள்ளை தெரிய ஒரு ஓரமா நிக்கிறா. பாத்தவுடனே தெரியுது இல்ல, தப்பு பண்ண மூஞ்சி. போட்டுத் திட்டித் தீத்தேன், அன்னிக்கு அவளுக்குக் காலைச் சோறும் லேட்டு. ரெண்டு நாள் கழிச்சு அஞ்சரை மணிக்கு எந்திரிச்சு வந்து பாக்குறேன், காக்கா ஒண்ணு பாக்கெட்டைக் கொத்திக்கிட்டு இருக்கு, இவ கேட்டுக்கிட்ட தூங்குறா. அப்புறம் நான் வாசப்படியில வந்து மூஞ்சிய இறுக்கிட்டு நின்னேன் பாருங்க, எந்திரிச்சு வந்தவ அதே மாதிரி காத மடக்கிக்கிட்டா. இத நியூயார்க்குல அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ்னு ஒரு ஆராய்ச்சிக்காரம்மா 2009லயே சோதிச்சு எழுதியிருக்காங்க, தின்பண்டத்தத் தின்ன நாய், தின்னாத நாய் ரெண்டையும் வச்சுப் பாத்தா அந்தக் "குத்த உணர்ச்சி மூஞ்சி" தின்னதால வர்றது இல்ல, வளர்க்குறவங்க திட்டுறதால வருது, தின்னாமலே திட்டு வாங்குன நாய் இன்னும் ஜாஸ்தியா காட்டிருக்கு. நாய்க்குக் குத்த உணர்ச்சியே கிடையாதுன்னு இதுக்கு அர்த்தம் இல்ல, அந்த மூஞ்சிய வச்சு நம்ம தீர்ப்பு சொல்லக்கூடாதுன்னு அர்த்தம். நான் இத மனுசங்களுக்கும் வச்சுப் பாத்தேன். என் மகள் பயந்து நின்னா உடனே ஏதோ பண்ணிட்டான்னு முடிவு கட்டுற பழக்கம் எனக்கு இருந்துச்சு. இப்ப சுத்தமா விட்டுட்டேன்னு சொல்ல மாட்டேன், கொறஞ்சிருக்கு.

தீபாவளி விசயத்துல நான் ஊருக்கே தப்பா சொல்லிருக்கேன், அதையும் ஒத்துக்கிறேன். வெடிச் சத்தத்துக்கு நடுங்குற நாயக் கொஞ்சாதீங்க, கொஞ்சுனா பயம் கூடும்னு ரொம்ப வருசம் சொன்னேன், எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க. இப்ப விலங்கு நடத்தை பாக்குற டாக்டர்கள் அப்படிச் சொல்றது இல்ல, பயம்ங்கறது பரிசு குடுத்து வளர்க்குற பழக்கம் இல்ல, பக்கத்துல உக்காந்து தடவிக் குடுத்தா பயம் அதிகமாகாதுன்னுதான் சொல்றாங்க. செம்பி நாலு தீபாவளி கட்டிலுக்கு அடியில தனியா நடுங்கியிருக்கா, நான் பெரிய மனுசனாட்டம் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன். அஞ்சாவது தீபாவளியில இருந்து மகள் கட்டிலுக்கு அடியிலயே பாய் விரிச்சுக்கிட்டா, நான் தடுக்கல.

நாய் வளர்த்தா பிரஷர் கொறையும், ஹார்ட் அட்டாக் வராது, ஆயுசு கூடும்னு பார்வேர்டு மெசேஜ் வருதே அதப் பத்தியும் ஒரு வார்த்தை. 1980ல அமெரிக்காவுல 92 இருதய நோயாளிகள வச்சு ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, வீட்டுல பிராணி வச்சிருந்தவங்க ஒரு வருசம் கழிச்சு அதிகம் பேர் உசுரோட இருந்தாங்கன்னு. அதுக்குப் பின்னாடி வந்ததுல சிலது ஆமாங்குது, சிலது இல்லங்குது, நடக்குற தெம்பு இருக்குறவன்தான் நாய் வளர்ப்பான்ங்கற சிக்கல் அதுல எப்பவும் இருக்கு. ஜப்பான்ல 2015ல பண்ணது எனக்குக் கொஞ்சம் பிடிக்கும், நாயும் வளர்க்குறவங்களும் ஒருத்தர ஒருத்தர் கண்ணுல பாத்துக்கிட்டே இருந்தா ரெண்டு பேருக்கும் ஆக்ஸிடோசின் கூடுதாம், தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவுல வேலை செய்ற அதே ஹார்மோன், மனுசன் வளர்த்த ஓநாய்ல அது வரல. அத வச்சுக்கிட்டு "நாய் நம்மள அம்மாவா நினைக்குது"ன்னு தாவிராதீங்க. என்னைப் பொறுத்தவரை உடம்புக்கு நல்லதுன்னு நாய் வாங்குறதுக்கு பதிலா ஒரு ஜோடி ஷூ வாங்குங்க, செலவு கம்மி.

இனி யாரும் கேக்கப் பிடிக்காத பகுதி. என்கிட்ட வர்றவங்க கடைசியில கேக்குற கேள்வி ஒண்ணு உண்டு, "உங்க நாயா இருந்தா என்ன சார் பண்ணுவீங்க?" நான் டக்குனு பதில் சொல்லுவேன், கஷ்டப்படுத்த வேணாம்மா, ஊசி போட்டுரலாம்னு. 2022 மார்கழியில செம்பிக்குக் கிட்னி போயி, பின்னங்கால் எந்திரிக்கல, படுத்த எடத்துலயே எல்லாம். ரத்த ரிப்போர்ட்ட நானே பாத்தேன், அதே ரிப்போர்ட்டோட வேற யாராச்சும் வந்திருந்தா அன்னிக்கே சொல்லிருப்பேன். நான் ஒம்போது நாள் டிரிப் போட்டேன். நாளைக்கு ஒரு வாய் தின்னுருவா, நாளன்னிக்கு எந்திரிச்சிருவான்னு. அந்த ஒம்போது நாள் அவளுக்காக இல்ல, எனக்காக, இத நான் அப்பவே அறிஞ்சுதான் பண்ணேன். பத்தாவது நாள் காலையில சம்சாரம் மண்சட்டிய கழுவி வெயில்ல கவுத்து வச்சிட்டாங்க, என்கிட்ட ஒண்ணும் கேக்கல. அதப் பாத்துட்டு உள்ள போயி ஊசிய எடுத்தேன். மயக்க மருந்துதான், அளவு கூட, நரம்பு வழியா, ஒரு நிமிசம்கூட ஆகல. இப்பவும் யாராச்சும் அந்தக் கேள்வியக் கேட்டா "ஒம்போது நாள் லேட் பண்ணேன்மா, நீங்க அவ்வளவு பண்ணாதீங்க"ன்னு மட்டும் சொல்றேன். கேட்டவுடனே அழுதுருவாங்க, அழட்டும்னு அடுத்த நாயக் கொஞ்ச நேரம் வெளிய நிக்க வச்சிருவேன்.

சரி, உங்க கணக்குக்கு வருவோம். பையனுக்கு இப்ப 10. நாட்டு நாயோ சின்ன ஜாதியோ 12லிருந்து 15 வருசம் இருக்கும், பெரிய ஜாதி அவ்வளவு தாங்காது. நாய்க்கு 13 ஆகும்போது அவனுக்கு 23, பெங்களூர்லயோ எங்கயோ வேலையில இருப்பான், கண்ணுல புரை விழுந்து ராத்திரி ரெண்டு மணிக்கு ஊளையிடுற நாய்கூட வீட்டுல இருக்கப் போறது நீங்க. அதனால கேள்வி பையனுக்கு நாய் வேணுமாங்கறது இல்ல, உங்களுக்கு வேணுமாங்கறது. உங்களுக்கு வேணாம்னா வாங்காதீங்க, அவன் ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வச்சுப்பான், அப்புறம் சைக்கிள் கேப்பான். வேணும்னா, மூக்கு சப்பையா இருக்குற ஜாதி மட்டும் வேணாம். 2003ல ஒரு செல்போன் விளம்பரத்துல பக் நாய் ஓடினதுல இருந்து நம்ம ஊர்ல அது பெருகிப் போச்சு, நாய்க்கு உடம்பு சூடு முக்கியமா மூச்சு வாங்கித்தான் தணியணும், மூக்கே இல்லாத நாய் நம்ம வெயில்ல என்ன செய்யும், ஏப்ரல் மாசம் மதியம் அதுங்க நாக்கு நீலமாகி வர்றதப் பாக்க சகிக்காது.

வாங்குறதுக்கு முன்னாடி ஒரு மாசம் இதப் பண்ணிப் பாருங்க. உங்க அபார்ட்மெண்ட் கேட்டுகிட்ட தெருநாய் ரெண்டு இருக்குன்னு எழுதியிருந்தீங்க. தண்ணித் தொட்டி ஒண்ணு வாங்கி, காலையில ஆறரைக்குள்ள கழுவி ஊத்துறது பையன் வேலைன்னு சொல்லுங்க, நாயத் தொட வேணாம், கொஞ்ச வேணாம், ஊத்திட்டு வந்து எவ்வளவு மிச்சம் இருந்துச்சுன்னு ஒரு நோட்டுல எழுதணும். நீங்க ஒரு நாளும் ஞாபகப்படுத்தக் கூடாது, பரிட்சை, மழை, காய்ச்சல் எதுவா இருந்தாலும். மாசக் கடைசியில அந்த நோட்ட நீங்க பாருங்க. நடுவுல என்னிக்காச்சும் அவனா வந்து "அந்தக் கருப்பு நாய் ரெண்டு நாளா தண்ணியே குடிக்கலப்பா"ன்னு சொன்னான்னா, அன்னிக்கு எழுதுங்க, எந்த மாதிரிக் குட்டி எடுக்கலாம், யாருகிட்ட கேக்கலாம்னு நான் சொல்றேன்.